மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

எனக்குக் கார்ப் பைத்தியம் கிடையாது. புகலிட நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கே மூன்று தடவை பரீட்சைக்குப் போனவன் நான். அப்படிப்பட்ட என்னை, நியூ ஜேர்சியில் வசிக்கும் மச்சான் ஒரு சனிக்கிழமை விடிய நித்திரையால் எழுப்பினான்.

"வெளிக்கிடு. உனக்கு ஒரு சாமான் காட்டுறன்."

"என்னடா?"

"வந்து பார். பார்த்தால் அழுவாய்."

எடிசனில் இருந்து கடற்கரைப் பக்கமாக ஒரு மணித்தியாலம் ஓடியிருப்போம். ஒரு பெரிய புல்வெளி. அதில் வரிசை வரிசையாகப் பழைய பிரித்தானியக் கார்கள். எம்.ஜி., ட்ரையம்ப், ஜாகுவார், ஒஸ்டின் ஹீலி என்று எல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கின. பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கம் அமைத்து வருடத்தில் ஒரு முறை கூடுகிறார்களாம். மடக்குக் கதிரைகள், கோப்பிப் போத்தல்கள், தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தாத்தாக்கள். அநேகமானோர் கார்களை லொறிக்குப் பின்னால் இழுவையில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். ஓட்டினால் பழுதாகி விடுமாம்!

மூலையில் ஒரு சாம்பல் நிற மொறிஸ் மைனர் நின்றது. மச்சான் சொன்னது சரி. அழவில்லை, ஆனால் தொண்டை அடைத்தது. எங்கள் ஒழுங்கை முடக்கில் குடியிருந்த ஹயர்கார் அண்ணையின் கார் அதே நிறம், அதே முகம். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். டெக்சாஸில் இருந்து வந்தவர். இழுவையில் அல்ல. பெருந்தெருக்களைத் தவிர்த்து, நான்கு நாட்களாக அந்தச் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்கு மேல்.

"பயமா இருக்கேல்லையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். இந்த மாநிலத்துப் பெண் ஒருத்தி 1909 இல், வீதியே இல்லாத காலத்தில், முழு அமெரிக்காவையும் கடந்து போனாள். எனக்கு நல்ல வீதியாவது இருந்தது என்றார். அந்தப் பெண்ணைப் பற்றி அன்றுதான் முதல் முதலாகக் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, கார்களைப் பற்றி அல்லாமல் வேறொரு விடயம் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் அலிஸ் ராம்சி. நியூ ஜேர்சியின் ஹக்கன்சாக் என்ற ஊர். வயது 22, கையில் ஒரு குழந்தை. கணவன் ஒரு வழக்கறிஞர், பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மனைவியின் குதிரை ஒரு காரைக் கண்டு மிரண்டு ஓடியதால், இனி குதிரை வேண்டாம் என்று 1908 இல் ஒரு மக்ஸ்வெல் கார் வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு கோடையில் மட்டும் அலிஸ் மண் ஒழுங்கைகளில் 6000 மைல் ஓடித் தள்ளினார். கேள்விப்பட்ட கார்க் கம்பனிக்கு ஒரு வியாபார யோசனை தோன்றியது. பெண்ணே எங்கள் காரை நியூ யோர்க்கில் இருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஓட்டினால், அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

1909 ஜூன் 9. கொட்டும் மழையில் நியூ யோர்க் பிரோட்வேயில் இருந்து புறப்பட்டார்கள். காரில் நான்கு பெண்கள். மற்ற மூவருக்கும் ஓட்டத் தெரியாது. 3800 மைல் பயணத்தில் செப்பனிட்ட வீதி வெறும் 152 மைல் மட்டும்தான். பெற்றோல் தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு தடியை விட்டு அளந்தார்கள். ஒரு தடவை ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிப் போனபோது, பற்தூரிகை வைக்கும் கண்ணாடிக் குவளைகளில் வாய்க்கால் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். அயோவா மாநிலத்தின் சேற்றில் 360 மைல் கடக்க 13 நாட்கள் எடுத்தன. ரயர் மாற்றியது 11 தடவை.

அப்போது வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. இன்ன இடத்தில் மஞ்சள் வீடு வரும், அதில் திரும்பு என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் மஞ்சள் வீட்டைக் காணவில்லை. வீட்டுக்காரனுக்குக் கார்களைப் பிடிக்காது. வேண்டுமென்றே வீட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்து விட்டான்! மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அந்தப் புத்தகமும் கிடையாது. எந்தப் பக்கத்துத் தொலைபேசிக் கம்பங்களில் கம்பிகள் கூடுதலாக ஓடுகின்றனவோ, அந்தப் பக்கம்தான் பெரிய ஊர் இருக்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டினார்கள். 59 நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, ஒக்லண்டில் இருந்து படகில் ஏறி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதலாவது பெண் சாரதிக்கு, நாடளாவிய வாக்குரிமை 1920 இல்தான் கிடைத்தது. எங்கள் பாட்டிமாருக்கு 1931 இல் கிடைத்து விட்டது. பெரிய இடைவெளி ஒன்றுமில்லை.

இந்த மாதிரிப் பயணங்களை நடத்தி, கார் நம்பக்கூடிய வாகனம் என்று நிரூபிப்பதற்காகவே 1905 தொடக்கம் 1913 வரை கிளிடன் சுற்றுப் பயணங்கள் நடந்தன. பிறகு கார் சர்வசாதாரணமாகி விட்டது. நிரூபிக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஆரம்பித்தது நினைவு கூரும் காலம். 1935 இல் பிலடெல்பியாவில் அமெரிக்கப் பழங்கார்ச் சங்கம் உருவானது. 1946 இல் கிளிடன் பயணங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1950 இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் அழகுப் போட்டி தொடங்கியது. இன்று உலகக் கோடீசுவரர்கள் கூடும் இடம் அது. அலிஸ் முடித்த பயணத்தைக்கூட நூறு வருடம் கழித்து, 2009 இல், எமிலி அன்டர்சன் என்ற பெண் அதே 1909 ஆம் ஆண்டு மக்ஸ்வெல் காரில் திரும்பவும் ஓடிக் காட்டினார்.

1952 இல் தொடங்கிய ஒரு சங்கம் 'கிளாசிக் கார்' என்றால் எது என்று வரையறுத்து வைத்திருக்கிறது. 1948 வரை தயாரான, விலையுயர்ந்த, சிறப்பாகச் செய்யப்பட்ட கார்கள் மட்டும்தான். சாதாரண சனம் ஓட்டிய கார் எத்தனை வயதானாலும் அந்தப் பட்டியலில் ஏறாது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கிளாசிக் என்ற சொல்லே, பண்டைய ரோமாபுரியில் வரி கட்டும் உயர்ந்த வர்க்கத்தவரைக் குறித்த சொல்லில் இருந்து வந்ததுதான். கிளாசிக்குக்கு உள்ளேயே கிளாஸ் இருக்கிறது!

வீதியும் அப்படித்தான். ஹக்கன்சாக் இருக்கும் அதே பேர்கன் மாவட்டத்தில், 1913 முதல் விக்டர் ஹியூகோ கிறீன் என்ற கறுப்பினத் தபால்காரர் வேலை செய்தார். 1936 இல் அவரும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். எந்த வீடு மஞ்சள் என்பதற்காக அல்ல. எந்த ஹோட்டலில் கறுப்பருக்கு அறை கொடுப்பார்கள், எந்தக் கடையில் சாப்பாடு கொடுப்பார்கள், எந்த இடத்தில் பெற்றோல் அடிக்கலாம் என்பதற்காக. பொழுது பட்ட பின்னர் கறுப்பர் நிற்கக்கூடாது என்றிருந்த ஊர்கள் அமெரிக்கா முழுவதும் இருந்தன. காரை வாங்குவதற்குப் பணம் இருந்தும், அதை ஓட்டிக்கொண்டு போய் இரவு தங்க இடமில்லை. சாப்பாட்டுப் பொதியும் மேலதிகப் பெற்றோலும் காருக்குள்ளேயே கொண்டு போனார்கள். 1964 இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடங்கள் அந்தப் புத்தகம் வெளிவந்தது. கிறீன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1960 இல் இறந்து விட்டார்.

அந்தப் புல்வெளியில் நின்ற கார்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்துக் கார்கள். அவற்றின் முன்னால் வைத்திருந்த அட்டைகளில் இயந்திரத்தின் கன அளவு இருந்தது. வர்ணத்தின் பெயர் இருந்தது. இந்தக் கதை ஒரு அட்டையிலும் இல்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். அதற்கு முதலில் டெக்சாஸுக்குப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்தடி எண்ணெயைத் தோண்டியது காருக்காக அல்ல, விளக்கெரிக்க. சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தேவைப்பட்டது மண்ணெண்ணெய்தான். பெற்றோல் அதில் வரும் கழிவு. அதிகமாக எரித்தார்கள், அல்லது ஊற்றிக் கொட்டினார்கள். 1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸில் போமொன்ட் நகருக்கு அருகே ஸ்பின்டில்டொப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டுக் கிளம்பியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் பீப்பாய். அதன் பிறகு எண்ணெய் தண்ணீர் விலைக்கு வந்தது. மின்சார விளக்கு வந்து மண்ணெண்ணெயின் இடத்தைப் பிடிக்க, கார் வந்து கழிவாக இருந்த பெற்றோலை இராசாவாக்கியது. உலகம் மண்ணெண்ணெயில் இருந்து பெற்றோலுக்குப் போன கதை இது.

1990 இல் யாழ்ப்பாணத்தில் நாங்கள் அந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பி ஓட்டினோம்.

அந்த வருடம் ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும், அரசாங்கம் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல் இல்லை. மின்சாரம் இல்லை. பற்றரி, உதிரிப்பாகம், சவர்க்காரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கென்று மட்டுமட்டாக வந்தது. பெற்றோல் கள்ளமாக வந்து, தெருவோரத்தில் சின்னப் போத்தல்களில், மருந்து மாதிரி விலைப்பட்டது. யப்பான் கார்கள் எல்லாம் கொட்டிலுக்குள் படுத்து விட்டன. ஓடியவை கிழட்டு மொறிஸ் மைனர்களும், ஏ போட்டிகளும், ஒஸ்டின் கேம்பிறிட்ஜ்களும்தான்.

ஏன் அவை மட்டும் ஓடின? அப்போது எனக்குத் தெரியாது. பின்னர்தான் படித்து அறிந்தேன். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரித்தானியாவிலும் பெற்றோலுக்குப் பங்கீடுதான். 1953 வரை எல்லாக் கம்பனிகளும் சேர்ந்து ஒரே தரம் குறைந்த பெற்றோலையே விற்றன. ஏறக்குறைய 70 ஒக்டேன். அந்தத் தண்ணிப் பெற்றோலில் ஓட வேண்டும் என்பதற்காகவே, அந்தக் காலத்து இயந்திரங்கள் எரிவாயுவை அதிகம் நெருக்காத மாதிரிச் செய்யப்பட்டன. நெருக்கம் கூடிய யப்பான் இயந்திரத்தில் மண்ணெண்ணெயை விட்டால் தட்டத் தொடங்கி, கொஞ்ச நாளில் பிஸ்டனையே தின்று விடும். கிழவிகள் தாங்கும். அதாவது, பிரித்தானியர் பட்ட பஞ்சம் ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து வந்த எங்கள் பஞ்சத்தில் கை கொடுத்தது.

ஹயர்கார் அண்ணையின் முறை இதுதான். பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் வாயில் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலால் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். உள்ளே மகன் ஸ்ராட்டரை அமத்துவான். இயந்திரம் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து விடுவார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்கப் பரவும். கண் எரியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி இறங்கி இயந்திர ஒயிலோடு கலந்து விடும். அதனால் ஒயிலைத் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வழியில் நின்று விட்டால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதனால் சவாரி முடியும்வரை இயந்திரத்தை நிற்பாட்டவே மாட்டார். பிரசவ வலி எடுத்த பெண்கள், ஷெல் பட்டவர்கள், பாம்பு கடித்தவர்கள் என்று எத்தனை பேர் அந்தப் புகைக்குள் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்!

இதற்கிடையே ஒரு வேடிக்கை. 1990களில் இலங்கையின் தென்பகுதியில் மொறிஸ் மைனருக்குப் புதுத் தகடுகள் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே பொழுதுபோக்காகக் கார் திருத்துபவர்களுக்காக. அதே தீவின் வடக்கு முனையில் ஒரு பிளக்குக்கு வழியில்லாமல், பழசை மணற்கடதாசியால் தேய்த்துத் தேய்த்துப் போட்டுக் கொண்டிருந்தோம்.

1995 அக்டோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக் கொண்டிருந்தது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மழை வேறு. ஹயர்கார் அண்ணை தன் காரில் ஒழுங்கையில் இருந்த கிழவர்களையும் குழந்தைகளையும் ஏற்றினார். நாங்கள் சைக்கிளோடு பக்கத்தில் நடந்தோம். காருக்கு முன்னாலும் பின்னாலும் மனிதர்கள். அடி எடுத்து வைக்க இடமில்லை. அந்த நெருக்கத்தில் ஓட்டினால் இயந்திரம் கொதிக்கும். நிற்பாட்டினால் திரும்பப் பிடிக்காது. கடைசியில் நிற்பாட்டி விட்டு, நாலு பேர் பின்னால் நின்று தள்ளினோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் என்று ஒரு செம்பு கொண்டு வந்திருந்தார். அதைப் பிள்ளைகள் குடித்து முடித்தார்கள். கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி இருபது கிலோமீற்றர்கூட வராது. போய்ச் சேர விடிந்து விட்டது.

கண்ணாடிக் குவளையில் வாய்க்கால் தண்ணீர் அள்ளிய அலிஸைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம் வந்தது. அவர் தானாக விரும்பிப் போனார். போன இடத்தில் வரவேற்பு இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் அல்ல.

அதற்குப் பிறகும் எங்களுக்கு வீதி கிடைக்கவில்லை. அதற்கு முன்னரும் இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் வேண்டும். கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். இராணுவம் வந்த பிறகு, அவர்களிடம் அனுமதி எடுத்துக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஏ9 வீதி 2002 இல் திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் சாமான்களை இறக்கி ஏற்றி, இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லிப் போனோம். 2006 ஆகஸ்டில் அதுவும் மூடியது. யுத்தம் முடிந்த பிறகே மறுபடி திறந்தது. கொடி மாறியது, சீருடை மாறியது, பாஸ் மட்டும் மாறவில்லை. சிலர் இதில் ஒரு தரப்பின் பாஸை மட்டும் ஞாபகம் வைத்திருக்க விரும்புகிறார்கள். வரிசையில் நின்ற கால்களுக்கு இரண்டும் ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த டெக்சாஸ்காரரிடம் அன்று சொல்ல முடியவில்லை. மண்ணெண்ணெய்க் கதையை மட்டும் சொன்னேன். நம்ப மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையை ஆட்டினார். சின்ன வயதில் பண்ணையில் அப்படியொரு உழவு இயந்திரம் இருந்ததாம். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மலிவு எண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பிரித்தானியாவில் பேர்கசன் உழவு இயந்திரங்களை அப்படியே ஓடும்படி தயாரித்தார்கள் என்றும் சொன்னார். ஹயர்கார் அண்ணை தானாகக் கண்டுபிடித்தார் என்று நான் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். யாருக்குத் தெரியும், வயல் உழுத யாரோ ஒருவரிடம் இருந்து அவரும் கற்றிருக்கலாம்.

பிறகு அவர் தன் காரின் கண்களைக் காட்டினார். 1948 இல் வந்த முதல் மைனர்களுக்கு முன்விளக்கு கீழே, வலைக்குள் இருந்தது. அமெரிக்க விதிக்கு அந்த உயரம் போதவில்லை என்று மட்காட்டுக்கு மேலே உயர்த்தினார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பழகிய அந்த முகம் அமெரிக்காவுக்காகச் செய்த முகம்!

அந்தக் கூட்டத்தில் கார்களுக்குப் புள்ளி போட்டார்கள். எதையும் மாற்றாமல் தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே இருந்தால் கூடிய புள்ளி. வேறு குழாய், வேறு திருகாணி என்றால் குறைப்பார்கள். ஹயர்கார் அண்ணையின் கார் அங்கே வந்திருந்தால் ஒரு புள்ளியும் கிடைத்திருக்காது. இருக்கைக்குச் சாக்கு, பெற்றோல் தாங்கி மூடிக்குச் சீலை, ஒரு கதவு பச்சை.

"அந்தக் கார் இப்ப எங்கே?" என்று அவர் கேட்டார்.

1996 இல் திரும்பி வந்த சனத்தோடு அண்ணையும் கொக்குவிலுக்கு வந்தார். கார் வரவில்லை. தென்மராட்சியில் ஒரு வளவுக்குள், பனையோலையால் மூடி விட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு 2000 இல் அந்தப் பக்கம் சண்டை நடந்தது. தேடிப் போனபோது வளவும் இல்லை, காரும் இல்லை.

2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருள் இல்லாமல் போனது. கொழும்பில் சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்றது. அப்போது ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணை இறந்து சில வருடங்கள். மகன் பேசினார். "எல்லாரும் எங்களிட்டை வந்து கேக்கினம், மண்ணெண்ணையில எப்பிடி ஓடுறது எண்டு. இப்ப வாற காரில அது சரிவராது, தம்பி. பழசுகளும் இல்லை. மண்ணெண்ணெயும் இல்லை" என்றார்.

புள்ளித் தாளின் அடியில் 'வாகனத்தின் வரலாறு' என்று ஒரு பகுதி இருந்தது. எழுத மூன்று வரி இடம். டெக்சாஸ்காரர் அதில் தயாரித்த ஆண்டையும், வாங்கிய ஆண்டையும், நான்கு நாள் ஓடி வந்ததையும் எழுதியிருந்தார். அவருக்கு மூன்று வரி போதுமாக இருந்தது.